மூன்று பாட்டுக்குள் முடிக்கணும்: பிடித்த ராக் பேண்டை முதல்முறை படமெடுக்கப் போகிறவர்களுக்கு

பன்னிரண்டு வருஷமாக என் காதில் ஓடிய குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என் தலைக்கு மேலே நாலடி உயர மேடையில் நிற்கிறார். அவர் தலையை உதறும்போது வியர்வை என் லென்ஸில் தெறிக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவை இறக்கிவிட்டுக் கூடவே பாடினேன். முதல் பாட்டு முடிந்தபோது கார்டில் பதினோரு படம் இருந்தது. ஒன்பதில் மைக் வாயை மறைத்திருந்தது. மீதி இரண்டில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்புக் குழம்பு.

பேண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ரசிகர் மன்றக் கடுதாசி ஆகிவிடும். அந்த ராத்திரிக்கு முன்னும் பின்னும் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். மேடைக்கடியில் நின்று படமெடுக்கப் பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான் விடுவார்கள்.

1. கேமரா உள்ளே போகுமா என்று முதலில் பாருங்கள்

டிக்கெட்டில் பொடி எழுத்தில் "தொழில்முறை கேமராவுக்கு அனுமதி இல்லை" என்று இருக்கும். வாசலில் நிற்பவருக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: லென்ஸைக் கழற்ற முடிந்தால் உள்ளே விடாதே. உங்களுடையது பழைய மலிவு மாடல், நீங்கள் காசுக்காக எடுப்பவர் இல்லை என்றெல்லாம் அங்கே வாதாடிப் பயனில்லை. பையில் அடங்கும் சின்ன கேமராவைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

விதி போடுபவர்கள் மூன்று பேர்: அரங்கம், நிகழ்ச்சியை நடத்துபவர், பேண்ட். மூவரில் யார் கறாரோ அவர் சொல்வதுதான் நடக்கும். அரங்கத்துக்கு எழுதிக் கேட்டு "சரி" என்று பதில் வாங்கியிருந்தாலும் பேண்ட் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். ராக் பாடகர் ஜாக் ஒயிட்டின் 2018 டூரில் ரசிகர்களின் போனையே பூட்டிய பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். கிங் கிரிம்சன் பேண்டின் கச்சேரியில், பேஸ் வாசித்த டோனி லெவின் கடைசியில் தன் கேமராவை எடுத்து ரசிகர்களைப் படம் பிடிக்கத் தொடங்கினால்தான் அவர்களும் எடுக்கலாம் என்று இருந்தது. ஆகவே அரங்கத்தின் விதியைப் படித்ததோடு நிற்காமல், இதே டூரில் முந்தைய ஊர்களில் என்ன நடந்தது என்றும் தேடிப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. கேமராவைத் திருப்பி அனுப்பினால் வைத்துவிட்டு வர இடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் வைக்கும் அறை எல்லா அரங்கிலும் இருக்காது. இருந்தாலும் "விலையுயர்ந்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற பலகை அங்கே தொங்கும்.

2. பெரிய பேண்டுக்கு முன் சின்ன மேடை

பாஸ் (மேடைக்கடியில் படமெடுக்க அனுமதிச் சீட்டு) கேட்டு நீங்கள் எழுதும்போது எதிர்முனையில் கேட்கப்போகும் முதல் கேள்வி, "இதுவரை எடுத்ததைக் காட்டுங்கள்" என்பதுதான். கல்யாணப் படமும் பூனைப் படமும் அங்கே செல்லாது. மேடை வெளிச்சத்தில் எடுத்த பதினைந்து இருபது படம் வேண்டும், குறைந்தது மூன்று நான்கு வெவ்வேறு பேண்டுகள் வேண்டும்.

அதற்கு நூறு பேர் நிற்கக்கூடிய சின்ன அரங்குகள்தான் பள்ளிக்கூடம். அங்கே பெரும்பாலும் பாஸ், பட்டியல் எதுவும் கிடையாது. பேண்டுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுமதி கேட்டால் போதும், அவர்களை ஒழுங்காகப் படமெடுக்க ஆள் வருவதே அவர்களுக்குச் சந்தோஷம். வெளிச்சம் மட்டும் படுமோசமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அந்த இருட்டில் தேறியவருக்குப் பெரிய மேடை பகல் மாதிரி. எனக்கு இந்தப் பழக்கத்துக்கு ஆறு மாதம் பிடித்தது. குறுக்கு வழி தேடி ஒரு மாதத்தை வீணாக்கியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

3. பாஸ்: யாரிடம், எப்போது, எப்படி

நான் முதலில் அரங்கத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. டிக்கெட் விற்றவர்களுக்கு எழுதினேன், அவர்களுக்கு நான் கேட்டதே புரியவில்லை. பாஸ் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் பேண்டின் விளம்பரத் தொடர்பாளரிடமோ மேலாளரிடமோ இருக்கும், சில டூர்களில் நடத்துபவரிடம். பேண்டின் இணையதளத்தில் தொடர்புப் பக்கத்துக்குப் போய் "பத்திரிகை" அல்லது "மேலாண்மை" என்று இருக்கும் முகவரியைப் பிடியுங்கள்.

நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு எழுதுவது சரியான நேரம். மூன்று மாதம் முன்பே எழுதினால் அடியில் புதைந்துபோகும். மூன்று நாள் முன்பு என்றால் பட்டியல் மூடியிருக்கும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். ஒப்புதல் வந்தாலும் முந்தின நாள் மாலையிலோ அன்றைக்கு மதியமோதான் வரும். இது அவமரியாதை இல்லை, அந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் பயணச் சீட்டும் விடுமுறையும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் நீங்கள். அந்த நாட்களுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடிதம் ஐந்தாறு வரிக்கு மேல் போகக்கூடாது. நிகழ்ச்சியின் தேதி, ஊர், அரங்கம், அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் பெயர், எந்த வெளியீட்டுக்காக எடுக்கிறீர்கள், படத் தொகுப்பின் சுட்டி, படங்கள் எப்போது வெளியாகும், அவ்வளவுதான். "சின்ன வயசிலிருந்து உங்கள் வெறித்தனமான ரசிகன்" என்ற வரியை அழித்துவிடுங்கள். என் முதல் கடிதத்தில் அதுவே இரண்டு பத்தி இருந்தது. அதைப் படிப்பவர் மேடைக்கடியில் வேலை செய்யும் ஆளைத் தேடுகிறார், அழும் ஆளை இல்லை.

வெளியீடு எதுவும் கையில் இல்லையென்றால் ஒரு சின்ன இணைய இதழோடு சேர்ந்துகொள்ளுங்கள். எழுத ஆள் இருந்தும் படமெடுக்க ஆள் இல்லாத இதழ்கள் நிறைய உண்டு. இல்லாத இதழின் பெயரை மட்டும் போடாதீர்கள். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு உங்கள் பெயருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்காது.

பாஸ் உறுதியானதும் மறக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பாட்டு? எங்கிருந்து எடுக்கவேண்டும்? எடுத்து முடித்தபின் உள்ளே இருக்கலாமா?

எத்தனை பாட்டு என்பதற்குப் பொதுவான பதில் "முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கூடாது". சிலர் இரண்டுதான் தருவார்கள். எங்கிருந்து என்பதில் ஏமாந்தவர்கள் அதிகம். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே தடுப்புக்குள் இருக்கும் சந்துதான் ஃபோட்டோ பிட். ஆனால் சில டூர்களில் படமெடுப்பவர்களை அரங்கின் பின்பக்கம் சவுண்ட் டெஸ்க் (ஒலியைக் கட்டுப்படுத்தும் மேசை) அருகே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து 70–200 லென்ஸில்கூட பாடகர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். 300, 400 எம்எம் வேண்டும். மூன்றாவது கேள்வியின் கதையைப் பிறகு சொல்கிறேன், அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

4. கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படியுங்கள்

சில பேண்டுகள் ஒப்பந்தப் படிவம் நீட்டும். பல சமயம் அது வாசலில், நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, பேனாவோடு வரும். "படிக்க நேரமில்லை, போடுங்கள்" என்ற அவசரமும் கூடவே வரும். முதல் நாளே "படிவம் இருக்கிறதா, அனுப்ப முடியுமா" என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

படிக்கும்போது தேடவேண்டியவை: பதிப்புரிமை அவர்களுக்கு மாறுகிறதா? "என்றென்றைக்கும், உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், இலவசமாக" அவர்கள் பயன்படுத்தலாமா? நீங்கள் ஒரே ஒரு இதழில், ஒரே ஒருமுறைதான் போடலாமா? வெளியிடுமுன் அவர்கள் சம்மதிக்கவேண்டுமா? உங்கள் சொந்தப் பக்கத்தில், தொகுப்பில் வைத்துக்கொள்ளலாமா?

ஒருமுறை மட்டும் வெளியிடலாம் என்பதை நான் ஏற்றுக்கொள்வேன். பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக்கொடு என்றால் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிக்கெட்டோடு ரசிகனாக உள்ளே போவேன். 2015-இல் ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்ட் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வாஷிங்டன் சிட்டி பேப்பர் என்ற பத்திரிகை மறுத்துவிட்டது. தன் ஆளை அனுப்பாமல், கச்சேரிக்குப் போகும் ரசிகர்களிடமிருந்து படங்களை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. மறுத்தால் உலகம் இடிந்துவிடாது. ஆனால் முடிவு உங்களுடையது. முதல் பாஸ் கையில் இருக்கும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

போட்ட படிவத்தை அங்கேயே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகல் தருகிறேன் என்பார்கள், வராது.

5. காசை எந்த வரிசையில் செலவழிப்பது

எல்லோரும் முதலில் கேமரா உடலில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) காசைக் கொட்டுகிறார்கள். நானும் கொட்டினேன். சரியான வரிசை கிட்டத்தட்ட அதற்குத் தலைகீழ்.

முதலில் காது அடைப்பான். சிரிக்கவேண்டாம். பிட்டில் நீங்கள் ஸ்பீக்கருக்கு நேர்முன்னால் நிற்கிறீர்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நையாஷ் அமைப்பு 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம், ஏறக்குறைய உங்கள் மூன்று பாட்டு. ராக் மேடைக்கடியில் சத்தம் 100-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எனக்கு முதல்முறை இரண்டு நாள் காதில் விசில் அடித்தது.

அடுத்து 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சின்னதாக ஆக, வெளிச்சம் கூடும்). எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் மலிவான லென்ஸ்களில் ஒன்று இது. கேமராவோடு வரும் ஜூம் முழுதாக நீட்டினால் எஃப் 5.6-இல் நிற்கும். அதைவிட இதில் ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். சின்ன மேடை முழுவதையும் இது ஒன்றை வைத்தே ஓட்டலாம்.

24–70, 70–200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் இரண்டும் வாங்கக் கை கடிக்கும். வாடகைக்கு எடுங்கள். முந்தின நாளே எடுத்து வீட்டில் சோதியுங்கள். வரிசை எண்ணையும் கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கும் கீறலையும் படமெடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பிட்டில் பியரும் பறக்கும், கூட்டம் கைகளில் ஏந்திக் கடத்த மிதந்து வரும் ஆட்களும் தலைக்கு மேலே வந்து விழுவார்கள்.

இதையெல்லாம் செய்தபிறகும் காசு மிச்சமிருந்தால் கேமரா உடல்.

6. வீட்டுப்பாடம்

இதில்தான் ரசிகனுக்குத் தொழில்முறைக்காரரைவிடக் கை ஓங்கியிருக்கும். டூரில் பேண்டுகள் பெரும்பாலும் அதே பாட்டுகளில்தான் தொடங்கும். செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் முந்தைய இரவுகளின் வரிசை கிடைக்கும். முதல் மூன்று பாட்டை எழுதிவைத்து, ரசிகர்கள் எடுத்த காணொளிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாடகர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எந்த இடத்தில் வெளிச்சம் வெடிக்கிறது, யார் எப்போது குதிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பாட்டு எவ்வளவு நேரம் என்றும் கூட்டிப் பாருங்கள். என் பேண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் வந்தது. வேகமான குட்டிப் பாட்டுகள் போடும் பங்க் பேண்டாக இருந்தால் ஆறு நிமிடத்தில் மூன்றும் முடிந்து நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

7. அன்றைக்கு: கையில் என்ன, எத்தனை மணிக்கு

அடையாள அட்டை. பாஸ் உறுதியான கடிதத்தின் அச்சுப்படி. அதை அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். கருவிகளின் வரிசை எண் பட்டியல். காலி கார்டு இரண்டு, முழுதாக ஏற்றிய பேட்டரி இரண்டு. அப்புறம் சொந்தக் காசில் வாங்கிய டிக்கெட். இதைத்தான் நான் வாங்கவில்லை.

பாஸ் என்பது டிக்கெட் இல்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் காவலர் எங்கள் ஏழு பேரையும் வரிசையாகப் பக்கக் கதவு வழியே கூட்டிப்போய்த் தெருவில் விட்டார். கதவு மூடியது. நாலாவது பாட்டு தொடங்கியது. பன்னிரண்டு வருஷமாக நேரில் கேட்கக் காத்திருந்த பாட்டு. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டு, சுவர் வழியே வந்த பேஸ் கிதாரின் அதிர்வை மட்டும் வைத்து மனசுக்குள் வரிகளை நிரப்பிக்கொண்டேன். மூன்றாவது கேள்வியைக் கேட்காததற்கு அது கூலி. சில இடங்களில் டிக்கெட் இருந்தாலும் கேமராவை வெளியே வைத்துவிட்டுத்தான் மறுபடி நுழையலாம். எங்கே வைப்பது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பாஸ் கொடுக்கும் சன்னலில் பெயர் இல்லை என்று சொல்வது சகஜம். அதைச் சரிசெய்ய நேரம் வேண்டும், தொடர்பாளரும் போனை எடுக்கவேண்டும். பாஸ் பெரும்பாலும் துணி ஸ்டிக்கராக வரும், தேதியை மார்க்கரால் எழுதியிருப்பார்கள். அதைக் கால்சட்டைத் தொடையில் ஒட்டுங்கள். மேலங்கியில் ஒட்டினால், வேர்த்து அதைக் கழற்றியபின் பாஸ் பைக்குள் கிடக்கும், காவலர் உங்களைத் தேடி வருவார்.

முதலில் வரும் பேண்டைத் தவறவிடாதீர்கள். எங்கே நிற்பது, மேடை விளிம்பில் பேண்டைப் பார்த்து வைத்த எந்த மானிட்டர் ஸ்பீக்கர் அவர்கள் காலை மறைக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

8. கேமராவை எப்படி வைப்பது

மேனுவல் முறை, எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/320 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 3200. இங்கிருந்து தொடங்கி வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்குங்கள். தானியங்கி முறையில் விட்டால் பின்னாலுள்ள கறுப்பைப் பார்த்து ஏமாந்து முகத்தை வெள்ளைச் சுண்ணாம்பாக்கிவிடும். குதிப்பவரை உறையவைக்க 1/500 வேண்டும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் பரவாயில்லை, அசைந்து போனால்தான் மீட்க வழியில்லை.

ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலப் படமாக) எடுங்கள். எல்இடி சிவப்பும் நீலமும் ஒரே நிறத்தை மட்டும் நிரப்பி வழியவிட்டுவிடும். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில்) சிவப்பைத் தனியாகப் பார்க்காமல் மொத்தத்தைப் பார்த்ததால்தான் எனக்கு அந்தக் குழம்பு கிடைத்தது. முகத்தில் முழுச் சிவப்பு விழும்போது வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், அல்லது வேறு நிறம் வரும்வரை டிரம்மரைப் பாருங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். எல்இடி விளக்கின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். லேசர் நேராக வரும்போது கேமராவைத் திருப்பிவிடுங்கள், சென்சார் எரிந்துபோகலாம்.

ஃபோகஸ் கொஞ்சம் தப்பிய படத்தை உடனே அழிக்கவும் வேண்டாம். 1979-இல் த கிளாஷ் என்ற பங்க் பேண்டின் பால் சிமோனன் தன் பேஸ் கிதாரை மேடையில் அடித்து உடைத்த படத்தை, தெளிவாக இல்லை என்று எடுத்த பென்னி ஸ்மித்தே வேண்டாம் என்றார். பேண்ட் அதையே ஆல்பத்தின் அட்டையில் போட்டது.

9. பன்னிரண்டு நிமிடம்

*முதல் பாட்டு:* புகையும் பின்வெளிச்சமும்தான் இருக்கும், முகம் தெரியாது. நிழல் உருவங்களை எடுங்கள். நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மைக் ஸ்டாண்டின் கை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், நேர்முன்னால் இல்லாமல் சாய்வாக நில்லுங்கள். பாடும்போது அழுத்தாமல், வரி முடிந்து மூச்சு வாங்கத் தலையை விலக்கும் நொடியில் அழுத்துங்கள். எந்த வரி எங்கே முடியும் என்று உங்களுக்கு மனப்பாடம். பக்கத்தில் நிற்கும் பத்திரிகைக்காரருக்குத் தெரியாது.

*இரண்டாவது பாட்டு:* நகருங்கள். வலக்கைக் கிதார்காரரின் கிதார்க் கழுத்து நமக்கு வலப்பக்கம் நீளும். வலப்புறம் நின்றால் கிதாரின் தலை நம்மை நோக்கி வரும், ஆழம் கிடைக்கும். இடப்புறம் நின்றால் முகமும் மீட்டும் கையும் தெளிவாகத் தெரியும். டிரம்மருக்குத் தடுப்பை ஒட்டிப் பின்வாங்கி, இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி விழும்வரை காத்திருக்கவேண்டும். நகரும்போது பை முதுகில் இருக்கக்கூடாது, தலை குனிந்திருக்கவேண்டும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவரின் படம் போச்சு. காவலர் தோளைத் தட்டினால் திரும்பிப் பார்க்காமலே ஒதுங்குங்கள், யாரோ தலைக்கு மேல் மிதந்து வருகிறார் என்று அர்த்தம்.

*மூன்றாவது பாட்டு:* வெளிச்சம் இப்போதுதான் நிலைக்கு வரும். நான் தேறியது இதில்தான். பாடுவதை நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். பாடகர் மேடை விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். அவர் கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்ததும், காலடியில் டேப் ஒட்டிய பாட்டு வரிசைத் தாளும், இடது கைச் சுண்டுவிரலில் சுற்றிய பிளாஸ்திரியும் சட்டகத்துக்குள் வந்தன. ஒரே மூச்சில் மூன்று நான்கு படம், பிறகு விட்டு மறுபடி என்று எடுங்கள். விரலை எடுக்காமல் அழுத்தினால் கேமராவின் நினைவகம் நிரம்பி, சரியான நொடியில் திணறும்.

கடைசிக் கால் நிமிடம் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். இது தொழில் ஆலோசனை இல்லை, ரசிகனுக்கு ரசிகன் சொல்வது.

10. அதே ராத்திரி

தூங்குமுன் இரண்டு இடத்தில் நகல். அதுவரை கார்டை அழிக்கவேண்டாம். முந்நூறு படத்திலிருந்து பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வெளியே விடாதீர்கள். கண் பாதி மூடிய, மூக்குத் துவாரம் மட்டும் தெரியும் படங்களை யாருக்கும் காட்டாதீர்கள், அவரை உங்களுக்குப் பிடிக்கும் அல்லவா. சிவப்பில் மூழ்கியதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளும்.

மறுநாள் மதியத்துக்குள் இதழுக்குப் போய்ச்சேரவேண்டும். வெளியானதும் பாஸ் கொடுத்தவருக்குச் சுட்டியை அனுப்பி நன்றி சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அதனாலேயே செய்பவரின் பெயர் நினைவில் நிற்கும். அதே கடிதத்தில் அடுத்து நீங்கள் எடுக்க விரும்பும் நிகழ்ச்சியின் தேதியையும் ஊரையும் எழுதிவிடுங்கள். என் இரண்டாவது பாஸ் அந்த ஒரு வரிக்குத்தான் வந்தது. அந்தமுறை டிக்கெட்டும் வாங்கியிருந்தேன். நாலாவது பாட்டை உள்ளே நின்று கேட்டேன்.